கிழவியைக் காதலிக்கப் பயந்த நாவல்

சித்ரா பானர்ஜி திவாகருணியின் ‘தி மிஸ்ட்ரஸ் ஆஃப் ஸ்பைசஸ்’ 1997இல் வந்த நாவல். காதலும் மாயமும் கலந்த இந்தியக் கதை வேண்டும் என்று யாராவது கேட்டால் இன்றும் அதைத்தான் கையில் கொடுக்கிறார்கள். என் தங்கை மகளுக்கும் அப்படித்தான் கிடைத்திருக்கிறது. படித்து முடித்துவிட்டு, “பெரியம்மா, நம்ம தாத்தா கடை மாதிரியே இருக்கு” என்று கொண்டுவந்து கொடுத்தாள். பாதிவரைக்கும் அவள் சொன்னது சரி. எனக்கு வழக்கு மறுபாதியோடுதான். வெறும் மோசமான நாவல் யாரையும் ஏமாற்றாது, பத்துப் பக்கத்தில் மூடி வைத்துவிடலாம். தன் அலமாரியில் எது நல்ல சரக்கு என்று தெரியாமல், அதை ஓரங்கட்டிவிட்டுப் பளபளப்பானதை முன்னால் எடுத்து வைக்கும் நாவலிடம்தான் ஏமாந்துபோகிறோம்.

கதை கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் நடக்கிறது. வசதியில்லாத ஒரு பகுதியில் இந்திய மளிகைக் கடை. கல்லாவில் ஒரு கிழவி, பெயர் திலோ. ஏதோ ஓர் இந்தியக் கிராமத்தில் வேண்டாத பெண் பிள்ளையாகப் பிறந்து, நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லிப் பேர் வாங்கி, கடற்கொள்ளையர்களிடம் சிக்கி, அவர்களுக்கே ராணியாகி, கடைசியில் ஒரு தீவில் முதல் அன்னை என்பவளிடம் மசாலாப் பொருள்களின் பேச்சைக் கேட்கக் கற்றுக்கொண்டவள். உள்ளுக்குள் இளம்பெண்தான். கிழ உடம்பு இந்த வேலைக்காகக் கொடுக்கப்பட்டது. கூடவே மூன்று கட்டுப்பாடுகள்: கடையை விட்டு வெளியே போகக் கூடாது, மசாலாவின் சக்தியைத் தனக்காகப் பயன்படுத்தக் கூடாது, வருகிற யாரையும் தொடவோ அவர்கள்மேல் ஆசை வைக்கவோ கூடாது. மீறினால் சம்பாதியின் நெருப்பு.

கொள்ளையரையும் பேசும் கடல் பாம்புகளையும் நான் வேகமாகப் புரட்டிவிட்டேன். கடைக்குள் வந்ததும் நின்றேன்.

நான் வளர்ந்தது மதுரையில், கீழமாசி வீதிப் பக்கம், ஒரு நாட்டுமருந்துக் கடையில். சாமான் கேட்டு வருகிறவரிடம் அப்பா ‘எவ்வளவு?’ என்று முதலில் கேட்க மாட்டார். ‘யாருக்கு?’ என்பார். அதிமதுரம் பாட்டு வாத்தியாருக்கா, இருமுகிற பிள்ளைக்கா? வசம்பு கைக்குழந்தைக்கா, அரிசிப் பானையில் வண்டு வராமல் இருக்கவா? பதில் ஒரு வார்த்தையில் வராது. மகள் மாசமாக இருப்பது, மருமகன் துபாயிலிருந்து பணம் அனுப்பாதது, மாமியாருக்குக் கால் வீங்கியிருப்பது என்று வீட்டுக் கதை முழுக்க வந்துவிடும். கொஞ்சம் கருஞ்சீரகம் வாங்க வந்த பெண் அரை மணி நேரம் தூணோரம் நிற்பாள். அப்பா யாரையும் போகச் சொன்னதில்லை. கல்லாவுக்குப் பின்னால் வீட்டுப்பாட நோட்டோடு உட்கார்ந்திருந்த நானும் தங்கையும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கடையில் பெண்கள் இப்படி நிற்பது திவாகருணிக்குத் தெரிந்திருக்கிறது.

அஹுஜாவின் மனைவி வருகிறாள். அவள் பெயர் லலிதா. அது திலோவுக்குத் தெரியும், ஆனாலும் அவளாகச் சொல்லும்வரை அந்தப் பெயரைத் திலோ வாயில் எடுப்பதில்லை. தையல் தெரிந்தவள், சொந்தமாகச் சம்பாதிக்க ஆசைப்பட்டவள். மாப்பிள்ளையின் பழைய புகைப்படத்தைக் காட்டிக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வீட்டில் அடி. திலோ மஞ்சளில் தொடங்கி ஏதேதோ கொடுத்துப் பார்க்கிறாள். ஆனால் லலிதா அந்த வீட்டைவிட்டு வெளியே வரக் காரணம் திலோ அவளிடம் கொடுத்தனுப்பிய ஒரு பத்திரிகைதான். அடிபடும் பெண்கள் கூப்பிடுவதற்காக அதில் ஒரு தொலைபேசி எண் இருக்கிறது.

இதை எழுதியவர், 1991இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ‘மைத்ரி’ அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். வீட்டுக்குள் வதைபடும் தெற்காசியப் பெண்களுக்கான உதவித் தொலைபேசி அது. அந்தத் தொலைபேசியில் கேட்டுப் பழகிய காது இந்த அத்தியாயங்களில் வேலை செய்கிறது. லலிதா பேச வாயெடுத்துவிட்டு விலை கேட்கிறாள். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறாள். மாயம் இருக்கிறது, ஆனால் போதவில்லை. கடைசியில் ஒரு மனுஷியின் குரல்தான் வேண்டியிருக்கிறது என்று நாவலுக்கே தெரிந்திருக்கிறது.

இன்னொன்று ஜக்ஜித். சின்ன சீக்கியப் பையன். பள்ளியில் தலைப்பாகையைப் பிடித்து இழுக்கிறார்கள், ஆங்கிலமும் சரியாக வரவில்லை. அவனுக்கு நண்பர்கள் கிடைக்கட்டும் என்று திலோ பட்டைத் துணுக்கு ஒன்றை அவன் தலைப்பாகை மடிப்புக்குள் சேர்த்துவிடுகிறாள். நண்பர்கள் கிடைக்கிறார்கள். அடிக்கிறவர்களிடமிருந்து அவனைக் காப்பாற்றும் பெரிய பையன்கள், ஒரு கும்பல். பிறகு அவனையும் உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். பட்டை வேலை செய்துவிட்டது, அதுதான் சங்கடம். புத்தகத்தின் ஆகச் சிறந்த மாயம் இதுதான் என்பேன். வேலை செய்யாத மருந்துக்கு அப்பா பயந்ததில்லை, அளவு தப்பி வேலை செய்கிற மருந்துக்குத்தான் பயந்தார். சேராங்கொட்டை கேட்டு வருகிறவரைக் குறுக்கு விசாரணை செய்து, பாதிப் பேரை வெறுங்கையோடு அனுப்பிவிடுவார்.

காஷ்மீரிலிருந்து வந்து டாக்சி ஓட்டும் ஹரூன் இருக்கிறான். அவனுக்கு அக்கம்பக்கத்தில் ஹமீதா என்றொரு பெண்மேல் மனசு. பேத்தி கீதா ஒரு மெக்சிக வம்சாவளிப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதைத் தாங்காத வங்காளித் தாத்தா, சண்டை முற்றியபின் திலோவிடம் வந்து புலம்புகிறார். ஹரூனும் ஹமீதாவும் வருவது சில பக்கங்கள்தான். அந்தச் சில பக்கங்களில் ஒரு முழுக் காதல் கதை இருக்கிறது. டாக்சி ஓட்டி அலுத்தவனுக்குச் சுடச்சுடச் சாப்பாடு, அக்கம்பக்கத்தார் பார்வை, திரும்பிப் போக முடியாத ஊர், எல்லாம் அதற்குள் வந்துவிடுகிறது.

மளிகைக் கடைக்காரர் வீட்டுக் கண்ணோடு பார்த்தால் நொட்டை சொல்ல நிறைய உண்டு. கொள்முதல், பற்று வரவு, எலித் தொல்லை எதிலும் ஆசிரியருக்கு அக்கறை இல்லை. போகட்டும். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். மஞ்சளுக்குத் தனி அத்தியாயமே இருக்கும் இந்த நாவல் உருவான அதே காலத்தில் அமெரிக்காவில் மஞ்சள் நிஜமாகவே ஒரு மாயக் கதைக்குள் மாட்டியிருந்தது. காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995இல் காப்புரிமை வாங்கியது. நம் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் பழைய நூல்களை ஆதாரமாகக் கொண்டுபோய் எதிர்த்ததில் 1997இல் அது ரத்தானது. ஓக்லாந்து கடையில் மஞ்சளுக்கு நிஜமாகவே வாய் இருந்திருந்தால் முதலில் இந்த வழக்கைப் பற்றித்தான் பேசியிருக்கும்.

சரி, காதலுக்கு வருவோம். பெயர் தெரியும்வரை ‘அமெரிக்கன்’ என்றே குறிப்பிடப்படும் ஒருவன் ஒரு நாள் கடைக்கு வருகிறான். எல்லார் மனதையும் படிக்கிற திலோவால் அவன் மனதைப் படிக்க முடியவில்லை. நல்ல தொடக்கம்தான். பெயர் ரேவன். அவன் அம்மா அமெரிக்கப் பூர்வகுடிப் பெண். பிறந்த குடியை மறைத்து வெள்ளைக்காரியாக வாழ்ந்து காட்டியவள். இது சாதாரணக் கரு இல்லை. பிறந்த குடியை மறைத்துப் பிழைக்கும் அம்மா, அதைத் தாமதமாகக் கண்டுபிடிக்கும் மகன் என்று தனி நாவலாகவே எழுதலாம். இங்கே அது எப்படி வருகிறது என்றால், கடை ஓய்ந்த நேரத்தில் ரேவன் உட்கார்ந்து தவணை தவணையாகச் சொல்லுகிறான், திலோ கேட்கிறாள். லலிதா சொல்லாமல் விட்டதிலிருந்து அவள் வீடு முழுக்க நமக்குத் தெரிந்துவிட்டது. ரேவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபிறகும் அவனைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியவில்லை. பணம் இருக்கிறது, அழகாக உடுத்துகிறான், கனவில் மனிதக் கை படாத ஒரு மலைநாடு வருகிறது. அவனுக்குப் பல்வலி வருமா, யாரிடமாவது மன்னிப்புக் கேட்டிருக்கிறானா என்றெல்லாம் கேட்காதீர்கள்.

காதலன் மண்ணாந்தையாக இருப்பது இந்த வகை நாவல்களின் குலவழக்கம் போலிருக்கிறது. மெக்சிகோவின் லாரா எஸ்கிவெல் 1989இல் எழுதிய ‘லைக் வாட்டர் ஃபார் சாக்லேட்’ நாவலில் பெத்ரோ மட்டும் என்ன வாழ்ந்தான்? காதலியோடு ஒரே வீட்டில் இருக்கலாம் என்று அவள் அக்காவைக் கட்டிக்கொள்கிற ஆள். ஆனால் அங்கே கதாநாயகி தீதாவுக்கு எதிரில் அவள் அம்மா எலேனா நிற்கிறாள். கடைசி மகள் கல்யாணம் செய்யாமல் அம்மாவைச் சாகும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். அக்காவின் கல்யாணக் கேக் மாவில் விழுந்த தீதாவின் கண்ணீர் அத்தனை விருந்தாளிகளையும் அழவைக்கிறது என்றால் நாம் நம்புவது, அந்தச் சட்டம் எவ்வளவு கொடியது என்று முன்பே தெரிந்துவிட்டதால்தான். திலோவின் சட்டங்களோ ஒரு தீவில் யாரோ போட்டவை. ஓக்லாந்தில் அவற்றால் பாதிக்கப்படுவது அவள் ஒருத்திதான். மீறினால் என்ன ஆகும் என்ற பதைப்பு அவளுக்கு வருகிறது, நமக்கு வரவில்லை.

ரேவன் வந்தபிறகு கடை ஓய்ந்துவிடுகிறது. ஹரூனுக்குக் காப்பாகக் கொடுக்க வேண்டிய கருஞ்சீரகம் அவள் கவனம் சிதறியதில் தாமதமாகி, அவன் மண்டை உடைகிறது. நாவல் இதைத் திலோவின் குற்றமாகவே காட்டுகிறது, அந்த நேர்மையை மறுக்க மாட்டேன். ஆனால் ஆசிரியரும் அதே குற்றத்தைச் செய்கிறார். எங்களுக்கும் ஹரூனைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அவரோ ரேவனின் கனவையே விரித்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது உடம்பு விஷயம். முதுகு வலிக்கிற, கையில் சுருக்கம் விழுந்த ஒரு கிழவி ஒருவனை ஆசையோடு பார்க்கிறாள் என்பதுதான் இந்தக் கதையின் துணிச்சல். அறுபது தாண்டிய எனக்கு அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது நெஞ்சு படபடத்தது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை. கதைகளில் எங்களுக்குக் கிடைக்கிற வேலை பேரனுக்குச் சோறூட்டுவது, இல்லாவிட்டால் மருமகளைத் திட்டுவது. இங்கே ஒருத்தி கடைக்கதவு மணி அடித்தால் தலைமயிரை ஒதுக்கிக்கொள்கிறாள்! ஆனால் ரேவன் அந்தக் கிழவியைக் காதலிப்பதே இல்லை. இந்தத் தோலுக்குப் பின்னால் வேறொருத்தி ஒளிந்திருக்கிறாள் என்று முதலிலேயே மோப்பம் பிடித்துவிட்டான், அவளைத்தான் காதலிக்கிறான். திலோவும் அதற்குத் தோதாக மகரத்துவஜத்தைத் தின்று, ஒரே ஓர் இரவுக்குப் பேரழகியாகி, அவனோடு போகிறாள். அந்த மகரத்துவஜத்தையும் மசாலா வரிசையில் வைத்து நாவல் கொண்டாடுகிறது. எங்கள் கடையில் அது மிளகு பக்கத்தில் இருந்ததில்லை. பாதரசம், கந்தகம், தங்கம் சேர்த்துக் குப்பியில் எரித்தெடுக்கிற ரச மருந்து அது. பூட்டிய பெட்டிக்குள் இருக்கும், வைத்தியர் சொல்லாமல் அப்பா எடுத்துக் கொடுக்க மாட்டார்.

கார்சியா மார்க்கேஸ் 1985இல் ‘காலரா காலத்தில் காதல்’ எழுதினார். அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்த ஃப்ளோரென்தினோவும் கணவனை இழந்த ஃபெர்மினாவும் எழுபது கடந்தபிறகு ஆற்றுக் கப்பலில் ஒன்று சேருகிறார்கள். பொய்ப்பல், தளர்ந்த தோள், கிழ உடம்பின் புளித்த வாடை எதையும் அவர் மறைப்பதில்லை. முதல் முயற்சி தோற்றும் போகிறது. இன்னொரு நாவலில் போர்வைகளோடு வானத்துக்குப் பறந்த பெண்ணை எழுதிய அதே ஆள், கிழவனும் கிழவியும் கட்டிலுக்கு வரும்போது மாயத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார். நம் காரைக்கால் அம்மையாரோ, விட்டுப்போன கணவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம் என்று பேயுருவம் கேட்டு வாங்கியவர். சேக்கிழார் அந்த அழகை அவருக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த வாசகிக்கு, ஓர் இரவு அழகுக்காக இவ்வளவு புகை மூட்டம் போடுவது சிறுபிள்ளைத்தனமாகத் தெரிகிறது.

2005இல் பால் மயேடா பெர்ஜஸ் இதைப் படமாக எடுத்தார். கிழவி வேஷமே அங்கே இல்லை. கல்லாவில் ஐஸ்வர்யா ராய். ரேவன் டக் ஆகிவிட்டான். நாவல் தயங்கித் தயங்கிச் செய்ததைப் படம் கூச்சமே இல்லாமல் செய்து முடித்தது, அவ்வளவுதான் வித்தியாசம். தமிழில் ‘அன்புள்ள சிநேகிதி’ என்று தொலைக்காட்சித் தொடரானது திவாகருணியின் இன்னொரு நாவலான ‘சிஸ்டர் ஆஃப் மை ஹார்ட்’தான். ஆனால் தொடருக்கு உண்மையிலேயே பொருத்தமான கதை ‘தி மிஸ்ட்ரஸ் ஆஃப் ஸ்பைசஸ்’. வாரம் ஒரு வாடிக்கையாளர், வாரம் ஒரு வீட்டுக் கதை. ரேவனே தேவைப்பட மாட்டான்.

கடைசியில் தண்டனை. நமக்குச் சம்பாதி யார் என்று தெரியும். ஜடாயுவின் அண்ணன், தம்பியைச் சூரியனிடமிருந்து காக்கப் போய்த் தன் சிறகுகளைக் கருக்கிக்கொண்டவன். சிறகு மறுபடி முளைக்க எத்தனை காலம் மலைமேல் முடமாகக் கிடந்தான்! அந்தப் பெயரைக் கடன் வாங்கிய நெருப்பு திலோவுக்காகக் காத்திருக்கிறது என்று நாவல் முழுக்கப் பயமுறுத்திவிட்டு, கடைசியில் என்ன நடக்கிறது? தண்டனையை ஏற்க அவள் மனதார இசைந்துவிட்டதால் மசாலாக்கள் மன்னித்துவிடுகின்றன. அவளுக்கு இளமையும் இல்லாத, முதுமையும் இல்லாத ஒரு சாதாரண உடம்பு கிடைக்கிறது. காதலனும் கிடைக்கிறான்.

மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ சுகுமாரன் பங்கேற்ற மொழிபெயர்ப்பில் தமிழிலேயே இருக்கிறது. அதில் மௌரிசியோ பாபிலோனியாவைப் பாருங்கள். வாழைக் கம்பெனிப் பட்டறையில் கை கறுத்த பையன். அவன் வந்தால் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளும் கூடவே வரும். அவ்வளவு அழகான மாயம். ஆனால் அந்தப் பூச்சிகளே அவனைக் காட்டிக்கொடுக்கின்றன. காதலியின் அம்மா காவல் வைக்கிறாள், கோழித் திருடன் என்று சுட்டுவிடுகிறார்கள், மிச்ச வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் கிடக்கிறான். அவனுக்கு யாரும் மன்னிப்பு வழங்கவில்லை.

திவாகருணியின் நாவலில் அடி வேறு இடத்தில் விழுகிறது. நிலம் நடுங்குகிறது, கடை இடிகிறது, ஊர் நொறுங்குகிறது. திலோ அதைத் தன்னால் வந்த வினை என்றே நினைக்கிறாள். ஓக்லாந்துக்காரர்களுக்கு இது கற்பனை இல்லை. 1989 அக்டோபர் 17 மாலை, 6.9 அளவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தது. ஓக்லாந்தின் இரண்டடுக்கு சைப்ரஸ் நெடுஞ்சாலையில் மேல் தளம் கீழ்த் தளத்தின்மேல் விழுந்தது. அந்த நிலநடுக்கத்தில் இறந்த 63 பேரில் 42 பேர் அங்கேதான் நசுங்கினார்கள். எட்டே வருடத்துக்குள் அந்த ஊரின் மண்ணை மறுபடி ஆட்டி அதைக் காதல் கதையின் கணக்கு முடிக்கப் பயன்படுத்துவது எனக்குக் கூசுகிறது. சட்டத்தை மீறியது ஒருத்தி, இடிந்தது மற்றவர்கள் வீடு. அவளோ ரேவனின் காரில், மேலே ஒரு கீறலும் இல்லாமல்.

அதற்குப் பிறகு நடப்பது நல்ல முடிவு என்று சிலர் வாதாடுவார்கள். ரேவன் தேடிய மலைச் சொர்க்கம் வேண்டாம், இடிந்த ஊருக்கே திரும்பி உதவலாம் என்கிறாள் திலோ. அவனும் சம்மதிக்கிறான். எனக்கும் அந்தத் திருப்பம் பிடித்துத்தான் இருந்தது. மைத்ரியைத் தொடங்கிய பெண்ணால்தான் அதை எழுத முடியும். ஆனால் அந்த இடத்தில் கதை யாரைத் தேடிப் போக வேண்டும்? ஜக்ஜித் எந்தத் தெருவில் இருக்கிறான், கீதாவின் தாத்தா படியிறங்கி வந்துவிட்டாரா, தலையில் தையல் காயாத ஹரூனை ஹமீதா வெளியே இழுத்து வந்தாளா? நாவல் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பவில்லை. காதலர்கள் இருவரும் அவளுக்கு ஒரு புதுப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மாயா என்று முடிவாகிறது. ஹரூன் பிழைத்தானா என்று எனக்கு இன்னும் தெரியாது.